வளர்ந்தான், வளர்த்தான்: நடுவில் நிற்கும் ஒற்று யாருடையது?

கேள்வி – ஜூன் 3, இரவு 9.40

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. பகுபத உறுப்பிலக்கணம், அதாவது ஒரு சொல்லை உறுப்பு உறுப்பாகப் பிரிக்கும் பாடம், எழுதிக்கொண்டிருக்கிறாள். வந்தான் = வா + த் + த் + ஆன். வா என்பது வ எனக் குறுகியது விகாரம். முதல் த் சந்தி. அந்த த் ந் ஆனது இன்னொரு விகாரம். சொல்லில் காதுக்குக் கேட்காத ஒரு த்-ஐ வரவழைத்து, பிறகு அது ந் ஆகிவிட்டது என்று சொல்வது என்ன கணக்கு? நேராக ந் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? மதிப்பெண்ணைத் தவிர இந்தப் பாடம் யாருக்காவது எதற்காவது பயன்பட்டிருக்கிறதா?

ஜூன் 3, இரவு 10.25

எனக்குப் பயன்பட்டிருக்கிறது. முப்பது வருடமாக மெய்ப்புத் திருத்துகிறேன். ஒரு சொல்லை எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக்கூடாது என்று தெரியாமல் இந்த வேலையில் ஒரு பக்கம்கூட நகராது. நாளை விரிவாக எழுதுகிறேன்.

ஜூன் 4, காலை 6.50

உங்கள் மகள் எழுதுவது பவணந்தி முனிவரின் நன்னூலில் வரும் கணக்கு. எழுத்ததிகாரத்தில் இரண்டாவது இயல் பதவியல். பகுதி (சொல்லின் அடி), விகுதி (முடிவில் நிற்பது), இடைநிலை (நடுவில் நின்று காலம் காட்டுவது), சாரியை (இடையில் சேரும் துண்டு), சந்தி (இணைக்க வரும் எழுத்து), விகாரம் (எழுத்து மாறுவது) என்ற ஆறையும் வைத்துக்கொண்டு எந்தப் பகுபதத்தையும் பிரித்துவிடலாம் என்கிறது. தொல்காப்பியத்தில் இதற்கென்று தனி இயல் கிடையாது. விகுதிகளெல்லாம் வினையியலில் வந்துவிடும்.

இல்லாத த் ஏன் வந்தது? நன்னூல் இறந்தகாலத்துக்கு நான்கே இடைநிலை சொல்கிறது: த், ட், ற், இன். செய்தான், உண்டான், தின்றான், ஓடினான். இந்த நான்கும் நேராகப் பொருந்துகின்றன. வந்தான், நடந்தான், படித்தான் என்று வரும்போதுதான் சிக்கல். ந்த் ஒரு இடைநிலை, த்த் இன்னொரு இடைநிலை என்று சேர்த்தால் பட்டியல் நீளும். அதற்குப் பதிலாக, ‘காலம் காட்டுவது அந்த ஒரே த்தான், முன்னால் நிற்கும் ஒற்று இணைப்புக்கு வந்தது’ என்று சொன்னால் நான்கு நான்காகவே இருக்கும். கொஞ்சம் சரக்கை வைத்துக்கொண்டு எல்லாச் சொல்லையும் கட்டிக்காட்டும் வித்தை இது. நான் இதை மதிக்கிறேன்.

மொழியியல் படித்தவர்கள் வேறு மாதிரி வெட்டுவார்கள். பொருள் தரும் மிகச் சிறிய துண்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் உருபன். வ + ந்த் + ஆன், அவ்வளவுதான். ஒரே வேலையைச் செய்துகொண்டு இடத்துக்கு இடம் உருவம் மாறுவதால் த், ந்த், த்த், ட், ற், இன் எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றுருபன்கள். பட்டியல் நீளமானாலும், காதுக்குக் கேட்காத எதையும் வரவழைக்க வேண்டியதில்லை.

தேர்வில் நன்னூல் கணக்கையே எழுதச் சொல்லுங்கள்.

ஜூன் 4, மாலை 5.15

மதியம் முழுக்க யோசித்துக்கொண்டே இருந்தேன். காலையில் எழுதியதில் ஒரு ஓட்டை இருக்கிறது.

வளர்ந்தான், வளர்த்தான். பள்ளிக் கணக்கில் எழுதிப் பாருங்கள்.

வளர் + த்(ந்) + த் + ஆன்
வளர் + த் + த் + ஆன்

பகுதி ஒன்று, இடைநிலை ஒன்று, விகுதியும் ஒன்று. வேறுபாடு சந்தியில் மட்டும் இருக்கிறது. பொருளோ எங்கேயோ போய்விட்டது. பிள்ளை தானே வளர்ந்தான், தகப்பன் அவனை வளர்த்தான். சந்தி வெறும் இணைப்பு என்றால் ‘பிறரை அப்படிச் செய்வித்தான்’ என்ற பிறவினைப் பொருள் எந்தத் துண்டில் குடியிருக்கிறது? அழிந்தது–அழித்தது, சேர்ந்தாள்–சேர்த்தாள், நனைந்தேன்–நனைத்தேன் எல்லாம் இதே கதைதான்.

மற்ற காலங்களையும் பக்கத்தில் வைத்தால் விஷயம் தெளிகிறது. வளர்கிறான்–வளர்க்கிறான். வளர்வான்–வளர்ப்பான். த்த், க்க், ப்ப். பிறவினை வருகிற இடமெல்லாம் வல்லினம் இரட்டிக்கிறது. இதை மூன்று தனித்தனி சந்தி என்று சொன்னால் மூன்றும் ஒரே வேலை செய்வதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். ஒன்பதாம் வகுப்பில் எங்கள் தமிழம்மாவிடம் நான் இதைக் கேட்டேன். “நல்ல கேள்வி, பரீட்சையில் கேட்க மாட்டாங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார். நாற்பது வருடமாக அந்தக் கேள்வி என்னிடம் கிடக்கிறது.

ஜூன் 5, காலை 7.05

நேற்று எழுதியதைப் படித்த ஒருவர் ‘சிரித்தான், படுத்தான் எல்லாம் பிறவினையா?’ என்று கேட்டிருக்கிறார். இல்லை. அவசரத்தில் பொதுவிதி மாதிரி எழுதிவிட்டேன். சிரித்தவன் யாரையும் எதுவும் செய்யவில்லை. நடந்தான் இன்னும் சிக்கல்: இறந்தகாலத்தில் ந்த், ஆனால் நடக்கிறான், நடப்பான் என்று மற்ற இரண்டிலும் இரட்டிக்கிறது.

ஆக, வல்லினம் இரட்டிப்பதற்குத் தானாக ஒரு பொருள் இல்லை. பக்கத்தில் ‘வளர்ந்தான்’ நிற்பதால்தான் ‘வளர்த்தான்’ என்பதில் உள்ள த்த்-க்குப் பிறவினைப் பொருள் கிடைக்கிறது. சிரித்தான் பக்கத்தில் ‘சிரிந்தான்’ இல்லை. அங்கே த்த் காலத்தை மட்டும் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

இதை எழுதிய பிறகுதான் எனக்கே ஒன்று உறைத்தது. ஒரு சொல்லைத் தனியாக மேசையில் வைத்து வெட்ட முடியாது. அதன் கூடப்பிறந்த சொற்களைப் பக்கத்தில் நிறுத்தினால்தான் வெட்டு எங்கே விழ வேண்டும் என்று தெரிகிறது.

ஜூன் 5, இரவு 8.30

பேச்சில் கேளுங்கள். நனைந்தான் → நனைஞ்சான். நனைத்தான் → நனைச்சான். உடைந்தது → உடைஞ்சது. உடைத்தான் → உடைச்சான். முன்னால் இ, ஐ, ய் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் ந்த் முழுசாக ஞ்ச் ஆகிறது, த்த் முழுசாக ச்ச் ஆகிறது. வந்தான், இருந்தான், படுத்தான் எதுவும் மாறவில்லை. ‘வஞ்சான்’ என்று எந்த ஊரிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ந், த் என்ற இரண்டும் ஒரே பொட்டலமாகப் பயணம் போகின்றன. பேசுகிறவர்களின் வாயில் ந்த் ஒரே துண்டு என்பதற்கு எனக்கு இது போதும்.

இன்னொன்று. எழுத்தில் செய்தான், பெய்தது. நான்கு இடைநிலையில் முதலாவதான அந்த த் மட்டும்தான். பேச்சில் செஞ்சான், மழை பேஞ்சுது. ‘செய்ந்தான்’ என்று எழுதியிருந்தால் எப்படி மாறுமோ அப்படி மாறியிருக்கிறது. எழுத்தும் வாயும் ஒரே சொல்லை இரண்டு விதமாக வெட்டி வைத்திருக்கின்றன. நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள், ‘பேஞ்சுது’ சொல்லாமல் ஒரு ஐப்பசி போகாது.

ஜூன் 7, காலை 11.20

பேத்திக்கு மூன்று வயது முடிந்து நான்கு மாதம். நேற்று என்னிடம் கோபமாக வந்து சொன்னாள்: “ஆச்சி, நான் அம்மாட்ட சொல்லுனேன்!”

அவளுக்கு யாரும் ‘சொல்லுனேன்’ சொல்லித்தரவில்லை. வீட்டில் எல்லோரும் சொல்வது ‘சொன்னேன்’தான். பேசுனேன், ஓடுனேன், பாடுனேன் என்பவற்றில் இருந்து உன் என்ற துண்டை அவளாகக் கழற்றி எடுத்து, சொல்லு என்பதில் மாட்டியிருக்கிறாள். மூன்று வயதில் பகுபத உறுப்பிலக்கணம்!

முதலில் தவறு என்றுதான் நினைத்தேன். அப்புறம் பார்த்தால் நியாயம் அவள் பக்கம்தான் அதிகம். பேசி–பேசுனேன், ஓடி–ஓடுனேன், பாடி–பாடுனேன். சொல்லி என்பதும் அதே அச்சில்தான் இருக்கிறது. ‘சொல்லி’ என்று நாமே சொல்லிவிட்டு, ‘சொல்லுனேன்’ வரக்கூடாது, ‘சொன்னேன்’தான் வரவேண்டும் என்றால் குழந்தை என்ன செய்யும்? ‘சொல்லிய பாட்டின் பொருளுணர்ந்து’ என்று மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் பாடியது ஞாபகம் வந்தது. நாம் இன்று பேசும்போது ‘சொன்ன’ என்போம். அவர் போட்ட அச்சு ‘பேசிய, ஓடிய’ அச்சு. பேத்தி வெட்டிய இடத்தில் அவரும் வெட்டியிருக்கிறார்.

போய்–போனேன் என்பதும் இதே மாதிரி ஒட்டாத ஜோடிதான். பழைய வடிவம் போயினேன். நடுவில் தேய்ந்துபோய் ன் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கேள்வி கேட்டவர் ‘யாருக்குப் பயன்’ என்றாரே, அவருக்கு: உங்கள் மகளும் மூன்று வயதில் இதைச் செய்திருப்பாள். ஒன்பதாம் வகுப்பில் பேர் மட்டும் புதிது.

ஜூன் 8, இரவு 9.00

இன்று மெய்ப்பில் ‘அறியேன்’ என்று ஒரு சொல். கை நின்றுவிட்டது.

அறிவேன்: அறி + வ் + ஏன். அறியேன்: அறி + ஏன், நடுவில் இரண்டு உயிரையும் இணைக்க வந்த ய் உடம்படுமெய். மறுப்பு எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. காலம் காட்டும் துண்டை எடுத்துவிட்டால் அதுவே மறுப்பாகிவிடுகிறது. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்திலும் இந்த எதிர்மறையைப் பற்றி வியந்து பேசுகிறார். ஒன்றைச் சேர்த்துப் பொருள் உண்டாக்குவதுதான் எல்லோருக்கும் தெரிந்த வழி. ஒன்றை எடுத்துவிட்டுப் பொருள் உண்டாக்கும் இந்த வேலை எனக்கு எத்தனை தடவை பார்த்தாலும் சலிக்காது.

இது ஏட்டில் மட்டும் இருக்கிற வடிவமும் அல்ல. ‘மாட்டேன்’ என்று தினமும் சொல்கிறோமே! மாட்டு + ஏன். அதிலும் காலம் இல்லை, மறுப்புக்கென்று ஒரு துண்டும் இல்லை.

ஜூன் 9, காலை 6.30

நேற்றைய குறிப்பில் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டேன். பழைய உரைமரபு ‘எதிர்மறை இடைநிலை ஆ, புணர்ந்து கெட்டது’ என்று எழுதும். பள்ளியில் படித்தபோது இது எனக்குச் சமாளிப்பாகத்தான் பட்டது. இல்லாததை இருந்ததாகச் சொல்லி, பிறகு அது போய்விட்டது என்பது.

ஆனால் கூடப்பிறந்தவர்களை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று நானே நான்கு நாள் முன்னால் எழுதியிருக்கிறேன். நிறுத்திப் பார்த்தேன். அறியாது, அறியாத, அறியாமல், அறியாமை. எல்லாவற்றிலும் ஆ பளிச்சென்று இருக்கிறது. அறியான், அறியாள் என்பவற்றில் விகுதியிலேயே ஆ இருப்பதால் இரண்டும் ஒன்றாகக் கலந்திருக்கலாம். அறியேன் என்பதில் மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. குடும்பத்தில் எல்லோரிடமும் இருப்பது இவரிடமும் இருந்திருக்கும், இங்கே தேய்ந்துவிட்டது என்று உரையாசிரியர்கள் ஊகித்தது சமாளிப்பு அல்ல. ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்ன முடிவு.

இரண்டில் எது சரி? எனக்கு மனம் ஒரு பக்கமாக நிற்கவில்லை. தன்மையில் இல்லாமையே வேலை செய்கிறது, அஃறிணையில் ஆ வேலை செய்கிறது என்று இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 11, மாலை 4.45

‘தந்தை பகுபதமா, பகாப்பதமா?’ என்று ஒருவர். இந்தக் கேள்விக்காகவே அவருக்கு நன்றி.

இன்றைக்குக் கேட்டால் பகாப்பதம். தந் ஒரு பக்கம், தை ஒரு பக்கம் வைத்தால் இரண்டுக்கும் பொருள் இல்லை.

குறுந்தொகை 40ஆம் பாட்டை எடுங்கள், எல்லோரும் அறிந்த செம்புலப் பெயல்நீர்ப் பாட்டு. முதல் இரண்டு அடியில் நான்கு சொல் வரிசையாக நிற்கின்றன: யாய், ஞாய், எந்தை, நுந்தை. யாய் என் தாய். ஞாய் உன் தாய். எந்தை என் தந்தை. நுந்தை உன் தந்தை. அந்த வரிசையில் மூன்றாவது ஆளுக்கு உரியவைதான் தாய், தந்தை. அவனுடைய தாய், அவனுடைய தந்தை. எந்தை, நுந்தை, தந்தை என்று மூன்றும் புழங்கிய காலத்தில் காது தானாக வெட்டியிருக்கும்: எம், நும், தம். தம்பிக்கு எம்பியும் உம்பியும் இருந்தார்கள். தங்கைக்கு எங்கையும் நுங்கையும் இருந்தார்கள்.

பிறகு எந்தையும் நுந்தையும் பேச்சை விட்டுப் போனார்கள். தந்தை தனியாக நின்றுவிட்டார். அவருக்குள் இருந்த ‘தம்’ யார் காதுக்கும் கேட்காமல் போனதால்தான் ‘என் தந்தை’ என்று இன்னொரு சொல்லை முன்னால் சேர்க்க வேண்டியதாயிற்று. பழைய காதுக்கு அது ‘என் அவருடைய தந்தை’ என்று கேட்டிருக்கும். கன்னடத்தில் தந்தெ, தெலுங்கில் தண்ட்ரி. அங்கேயும் அந்தத் ‘த’ இப்போது யாருக்கும் தனியாகக் கேட்பதில்லை.

என் அப்பா போன வருடம் இறந்தார். அறிவிப்பு அட்டைக்கு மெய்ப்பு நான்தான் பார்த்தேன். ‘எங்கள் தந்தை’ என்று இருந்தது. ‘எந்தை’ என்று திருத்தலாமா என்று பேனாவை எடுத்துவிட்டேன். தம்பி, “அக்கா, ஊர்க்காரங்களுக்குப் புரியணும்” என்றான். சரி என்று விட்டுவிட்டேன். அந்தச் சொல் மட்டும் மனசில் நின்றது. ஒரே சொல்லுக்குள் நானும் அப்பாவும் சேர்ந்து இருக்கிறோம்.

ஜூன் 12, இரவு 10.10

தவறாக வெட்டியும் சொல் பிறக்கும். ஹாம்பர்கர் என்பது ஹாம்பர்க் என்ற ஜெர்மன் ஊர்ப்பெயரில் இருந்து வந்தது. வெட்டு ‘ஹாம்பர்க் + அர்’ என்று விழ வேண்டும். ஆங்கிலத்தில் ஹாம் என்றால் பன்றி இறைச்சி. அதனால் மக்கள் ஹாம் + பர்கர் என்று வெட்டிவிட்டார்கள். அதன் பிறகு சீஸ்பர்கர், வெஜ் பர்கர், கடைசியில் வெறும் பர்கர். தவறான வெட்டில் விழுந்த துண்டு இன்று எங்கள் தெருமுனைக் கடையில் விற்கிறது.

ஏப்ரன் என்பதும் அப்படித்தான். பழைய வடிவம் நேப்ரன். முன்னால் நின்ற ‘எ’ என்ற சிறு சொல்லோடு அந்த ந் ஒட்டிக்கொண்டு போய், ‘எ நேப்ரன்’ ‘அன் ஏப்ரன்’ ஆகிவிட்டது.

ஜூன் 14, காலை 7.40

தொழிலில் இருந்து ஒன்று. ஒல்லியான பத்திகளில் சொல் உடையும். பல வருடம் முன்பு ஒரு பள்ளி ஆண்டுவிழா மலர். ‘மாணவர்’ என்பது வரியின் கடைசியில், ‘கள் பருகினர் பழச்சாறு’ என்று அடுத்த வரி ஆரம்பம். நான் பார்த்து விட்ட பக்கம் அது. ஆயிரம் படி அச்சாகிவிட்டது. தலைமையாசிரியர் என்னிடம் பேசிய இரண்டு நிமிடம் எனக்கு இன்றும் சொல் மாறாமல் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து விகுதியைப் பகுதியிலிருந்து பிரித்து அடுத்த வரிக்கு அனுப்புவதில்லை.

அந்தக் ‘கள்’ தனியாக யோசிக்க வேண்டிய விகுதி. தொல்காப்பியத்தில் அது அஃறிணைப் பெயரோடு சேர்வது. ‘அர்’ என்பதே பலரைக் குறிக்கும். அதன் மேல் கள் ஏறியது பிற்பாடு. திருக்குறளிலேயே மற்றையவர்கள் (263), பூரியர்கள் (919) என்று வந்துவிட்டது. ‘அர்’ ஒருவருக்கே மரியாதைக்கு வர ஆரம்பித்ததும் பலரைக் காட்டுகிற வேலை அதற்குக் கனத்துவிட்டது, கள் உதவிக்கு வந்தது. அவர் ஒருவர், அவர்கள் பலர். இப்போது ஒருவரையே ‘அவர்கள்’ என்று அழைப்பிதழில் போடுகிறோம். அடுத்து எதை ஏற்றுவோம்?

நன்னூல் பகுபதத்துக்கு ஒன்பது எழுத்து வரை என்று அளவு சொல்கிறது. உத்திரட்டாதியான் என்பது உரைகளில் வரும் எடுத்துக்காட்டு, எண்ணிப் பாருங்கள், சரியாக ஒன்பது. ‘நடக்கின்றார்கள்’ என்பதும் ஒன்பது. ‘உட்காருகின்றார்கள்’ பத்து ஆகிவிட்டது. கள் ஏறாமல் இருந்தால் எட்டுதான்.

ஜூன் 15, காலை 9.10

கேள்வி கேட்டவர் மகளுக்குத் தேர்வு முடிந்தது என்று எழுதியிருக்கிறார். ‘வளர்த்தான்’ வந்ததாம். வளர் + த் + த் + ஆன் என்று சரியாக எழுதிவிட்டு, ஓரத்தில் பென்சிலால் ‘வளர்ந்தான் என்பதிலிருந்து இது எப்படி வேறுபடும்?’ என்று குறித்து வைத்தாளாம். மதிப்பெண் என்ன வந்தாலும் அந்த விடைத்தாளை எடுத்து வையுங்கள்.

ஜூன் 29, இரவு 8.50

பேத்தி ‘சொல்லுனேன்’ என்பதை விட்டுவிட்டாள். இரண்டு வாரம் வீட்டில் எல்லோரும் ‘சொன்னேன்’ என்று பேசக் கேட்டு அதைப் பிடித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். இன்று சாயங்காலம் தாத்தாவிடம் சொல்கிறாள்: “நான் அப்பவே சொன்னுனேன்.”

தாளை எடுத்து உறுப்பிலக்கணம் எழுத உட்கார்ந்தேன். விகுதி ஏன். இடைநிலை உன். பகுதி? சொல் என்று எழுதினால் நடுவில் ஒரு ன் கூடுதலாக நிற்கிறது. அவளுக்கு இப்போது பகுதியே ‘சொன்னு’ ஆகிவிட்டதோ? நாளை அவளை ‘சொல்லு’ என்று கேட்காமல், கதை சொல்லும்போது ‘சொல்லி’ வருகிறதா ‘சொன்னி’ வருகிறதா என்று கவனிக்க வேண்டும்.